தலைக்கு மேல ஓசோன் ஓட்டையா? ஆப்ல யூவி 12-ன்னு காட்டுதே

பொங்கோல்வாசி · மார்ச் 20, மதியம் 2:05

ரெண்டு நாளா ஆப்ல யூவி இண்டெக்ஸ், அதான் வெயில்ல வர்ற புற ஊதாக் கதிரோட அளவு, 12 காட்டுது, கலர் ஊதா. நான் சிங்கப்பூர் வந்து பதினாறு வருஷமாச்சு, முன்னல்லாம் இப்படி பாத்த ஞாபகம் இல்ல. ஓசோன் ஓட்டை நம்ம பக்கம் நகர்ந்து வந்துடுச்சுன்னு வாட்ஸ்ஆப்ல ஒண்ணு சுத்துது. நெசமா? இதை யாரு எதை வெச்சு அளக்கறாங்க, இல்ல சும்மா கம்ப்யூட்டர் கணக்கா?

ஸ்டிக்கர்காரன் · மார்ச் 20, இரவு 9:40

இல்ல. ஓட்டையும் இல்ல ஒண்ணும் இல்ல. அந்த ஃபார்வர்டை அழிச்சுடுங்க.

மார்ச் கடைசில சூரியன் நமக்கு நேர் உச்சிக்கு வருது, அவ்வளவுதான். வருஷா வருஷம் வர்றதுதான். பதினாறு வருஷமா பாக்கலன்னா அந்த ஆப்பை இப்பதான் போட்டிருக்கீங்கன்னு அர்த்தம்.

ஸ்டிக்கர்காரன் · மார்ச் 20, இரவு 11:55

தூக்கம் வரல, முன்னாடி எழுதினது கொஞ்சம் வெடுக்குன்னு போயிடுச்சு, அதனால ஒழுங்கா எழுதறேன்.

ஓசோனை டாப்சன் யூனிட்ல சொல்லுவாங்க. தலைக்கு மேல இருக்கற மொத்த ஓசோனையும் கீழ தரைக்கு இறக்கி, சாதாரண காத்தழுத்தத்துல, சைபர் டிகிரில ஒரு படலமா விரிச்சா 100 யூனிட்டுக்கு 1 மில்லிமீட்டர் தடிமன் வரும். அண்டார்டிக்கால 220-க்கு கீழ இறங்கினாத்தான் ஓட்டைன்னு பேரு, அதுவும் செப்டம்பர் அக்டோபர்ல. துருவ இரவோட குளிர்ல உண்டாகற மேகம், நாம விட்ட குளோரின், அதுக்கப்புறம் வர்ற வசந்த வெயில், இந்த மூணும் ஒண்ணு சேந்தாத்தான் அது நடக்கும். நமக்கு மேல வருஷம் முழுக்க ஏறக்குறைய 240-லருந்து 280-க்குள்ளதான் ஆடும். ஐரோப்பா ஜப்பான் பக்கம் 300, 350-ன்னு இருக்கும். அப்ப நமக்கு கம்மிதானேன்னு கேப்பீங்க. ஆமா கம்மிதான், ஆனா அது யாரும் கெடுத்து வந்த கம்மி இல்ல, இயற்கையாவே அப்படி. வேடிக்கை என்னன்னா ஓசோன் அதிகமா உற்பத்தி ஆகறதே நம்ம வெப்பமண்டலத்துக்கு மேலதான், மேலெழும்பற காத்து அதை வாரிக்கிட்டு போயி துருவப் பக்கம் கொட்டிடுது. நெல்லு விளையற ஊர்ல அரிசி கிடைக்காத கதை. வெப்பமண்டலத்துல மொத்த ஓசோன் அளவுல சொல்லிக்கற மாதிரி பெரிய மாத்தம் வந்ததும் இல்ல.

மட்ரானிச்னு ஒருத்தர் 2007-ல ஒரு எளிய சூத்திரம் போட்டாரு. சூரியன் உச்சில, ஓசோன் 300, மேகமில்ல தூசியில்லன்னா இண்டெக்ஸ் 12.5. ஓசோன் 260-ன்னு போட்டா கிட்டத்தட்ட 15 வருது. நம்ம ஊரு ஈரம், தூசி, மேகம் எல்லாம் தின்னது போக 11, 12 மிஞ்சுது. அந்த 12-ஐ பாத்து பயந்தீங்களே, கணக்குப்படி பாத்தா தள்ளுபடி விலைல கிடைச்சிருக்கு.

ஸ்டிக்கர்காரன் · மார்ச் 21, காலை 7:20

அளக்கறது யாருன்னு கேட்டதுக்கு பதில் சொல்லவே இல்ல. காலை 7-லருந்து சாயங்காலம் 7 வரை மணிக்கு ஒருதரம் என்இஏ, அதாவது தேசியச் சுற்றுப்புற வாரியம், அவங்க பக்கத்துல போடறாங்க, அது உண்மையிலயே வெளில வெயில்ல நிக்கற கருவி சொல்றது, கணக்கு இல்ல. யூவில எந்த அலைநீளம் தோலை எவ்வளவு சுடும்னு ஒரு வளைகோடு இருக்கு, 298 நானோமீட்டர் வரைக்கும் முழு எடை, அதுக்கு மேல சரசரன்னு சரியும். அந்த எடைபடி கூட்டி வர்ற வாட்டை 40-ஆல பெருக்கினா இண்டெக்ஸ். சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட் ஒரு இண்டெக்ஸ். 1992-ல கனடாக்காரங்க ஆரம்பிச்சது, அப்புறம் உலகம் பூரா எடுத்துக்கிச்சு.

ஆனா ஒண்ணு சொல்லணும். என்கிட்டயும் ஒரு யூவி சென்சார் இருக்கு, சிம் லிம் டவர்ல வாங்கினது, ஒரு வருஷமா வீட்ல ஓடுது. நேத்து ஒரு மணிக்கு அது 14.6 காட்டுச்சு, ஆப்ல 11. நான் பிழைப்புக்கு கேலிப்ரேஷன் பண்றவன், ப்ரெஷர் கேஜும் தெர்மாமீட்டரும் சரிபாத்து ஸ்டிக்கர் ஒட்டறதுதான் வேலை, காக்கி புக்கிட்ல. அந்த அனுபவத்துல சொல்றேன், அவங்க சென்சார் கீழ காட்டுது. யாராவது அவங்ககிட்ட கேளுங்க.

ஸ்டிக்கர்காரன் · மார்ச் 23, மதியம் 3:30

இன்னிக்கு லீவு. எங்க ப்ளாக்குக்கு கீழ போயி ஒரு குடைக்கம்பியை நட்டமா நிறுத்தி நிழல் பாத்தேன். 1:11-க்கு நிழல் அடியோட சுருண்டு காணாம போச்சு. வாய்ட் டெக்ல, அதான் ப்ளாக்குக்கு அடில இருக்கற திறந்த தளத்துல, சதுரங்கம் ஆடிக்கிட்டிருந்த சீன அங்கிள் எந்திரிச்சு வந்து என்ன தொலைச்சேன்னு கேட்டாரு. நிழலைன்னேன். தலையாட்டிட்டு போயிட்டாரு.

ஏன் 12-க்கு இல்லாம 1:11-க்குன்னு மக கேட்டா. நாம இருக்கற தீர்க்கரேகைக்கு கிரீன்விச்லருந்து ஏழு மணி நேர வித்தியாசம்தான் நியாயம், நாம வெச்சிருக்கறது எட்டு. 1981 வரைக்கும் ஏழரை, 1982 ஜனவரி 1-ல அரை மணி நேரம் முன்னாடி தள்ளிட்டாங்க. அதனால பன்னெண்டு மணிக்கு உச்சி வெயில், ஒரு மணிக்கு மேல கொறஞ்சிடும்னு நினைச்சு லஞ்சுக்கு நடந்து போறவங்க சரியா உச்சில போயி மாட்டறாங்க.

இப்ப முந்தா நாள் எழுதினதுக்கு வரேன். ஆப்ல வர்றது ஒரு மணி நேர சராசரி. நான் பாத்தது ஒரே ஒரு நொடி. நம்ம மேகம் இருக்கே, துண்டு துண்டா பஞ்சு மாதிரி வெள்ளை மேகம், சூரியனை மறைக்காம பக்கத்துல நின்னா அதோட விளிம்புல பட்டு வர்ற வெளிச்சமும் சேந்து தெளிவான வானத்தைவிட அதிகமாவே விழும், 25 சதவீதம் வரைக்கும் கூட ஏறலாம். அந்த நொடியைத்தான் நான் புடிச்சிருக்கேன். சராசரி போட்டு பாத்தா என்னுது 13. ஆக வித்தியாசம் 3.6 இல்ல, 2.

இருந்தாலும் 2 வித்தியாசம் வித்தியாசம்தான். அவங்களுதுதான் கீழங்கறதுல மாத்தமில்ல.

ஸ்டிக்கர்காரன் · மார்ச் 24, இரவு 8:10

"குடைக்கம்பி நட்டமா இருந்துச்சுன்னு எப்படி தெரியும்"னு கேட்ட தம்பிக்கு: ஸ்பிரிட் லெவல் வெச்சேன் பா. நான் அந்த மாதிரி ஆளு.

ஸ்டிக்கர்காரன் · மார்ச் 29, காலை 10:00

பாசிர் ரிஸ் அக்கா கேக்கறாங்க, பிஎஸ்ஐல, அதான் காத்து மாசுக் குறியீட்டுல, ஓசோன்னு ஒண்ணு வருதே, அது ஏறினா நல்லதுதானே, யூவியை தடுக்குமேன்னு. அக்கா, ஒரே வாயுதான், இருக்கற இடம் வேற. சுமார் பத்துல ஒன்பது பங்கு ஓசோன் மேல அடுக்குமண்டலத்துல இருக்கு, மீதிதான் கீழ. பிஎஸ்ஐல கணக்கு வைக்கற ஆறு சமாச்சாரத்துல ஓசோனும் ஒண்ணு, எட்டு மணி நேர சராசரி. வண்டிப் புகை, ஆவியாகற ரசாயனம், இதுங்க மேல வெயில் பட்டு கீழயே உண்டாகறது, மூச்சுல போனா நுரையீரலுக்கு ஆகாது. வீட்டுக்கு காவல் இருக்கற நாய் நடு ஹால்ல வந்து கடிச்சா எப்படி.

அளக்கற விதம் ரெண்டுக்கும் அண்ணன் தம்பி முறை. கீழ ஓசோன் அளக்கற கருவி ஒரு குழாய்க்குள்ள காத்தை இழுத்து 254 நானோமீட்டர் பாதரச விளக்கை ஒரு பக்கம் வெச்சு மறுபக்கம் எவ்வளவு வெளிச்சம் வருதுன்னு பாக்கும், குறைஞ்சது ஓசோன் தின்னது. மேல் ஓசோனுக்கும் அதேதான், விளக்குக்கு பதில் சூரியன், குழாய்க்கு பதில் மொத்த ஆகாசம்.

ஸ்டிக்கர்காரன் · ஏப்ரல் 2, இரவு 10:45

போன நோட்டுல கடைசி வரி எழுதினதுலருந்து அதையேதான் படிச்சுக்கிட்டிருக்கேன், வீட்ல திட்டு.

டாப்சன்ங்கறது ஒரு ஆளு, ஆக்ஸ்ஃபோர்ட். 1924-ல தன் வீட்டுல இருந்த ஒர்க்‌ஷாப்ல முதல் கருவி செஞ்சாரு. அவரோட யோசனை ரொம்ப எளிசு. ஓசோன் நிறைய விழுங்கற ஒரு அலைநீளம், கம்மியா விழுங்கற பக்கத்து அலைநீளம், ரெண்டோட விகிதம் மட்டும் பாரு. சூரியன் மங்கலா பளிச்சுன்னாங்கற கவலை பாதி விட்டுப்போகும். ப்ரெஷர் வேலைல நாங்க டிஃபரென்ஷியல் எடுக்கற மாதிரிதான். பின்னால வந்த மாடல்ல 305.5, 325 மாதிரி ஜோடி, அதோட 317.6, 339.8 இன்னொரு ஜோடி, ரெண்டு ஜோடியையும் கழிச்சா தூசியோட தொந்தரவும் பெரும்பாலும் அடிபட்டுப் போகுது. கருவி ஒண்ணரை மீட்டர் நீளப் பெட்டி, உள்ள குவார்ட்ஸ் பட்டகம். ஆள் உக்காந்து ஒரு டயலை திருப்பித் திருப்பி முள்ளு சைபருக்கு வர்ற இடத்துல நிறுத்தி எண்ணை எழுதிக்கணும். நூத்துக்கு மேல செஞ்சு உலகம் பூரா போச்சு, இன்னமும் ஓடுது. ஸ்விட்சர்லாந்து ஆரோசால 1926-ல ஆரம்பிச்ச அளவுத் தொடர்தான் உலகத்துலயே நீளமானது.

இதுல எனக்கு மயிர்க்கூச்செடுத்த இடம் வேற. 1928-ல டாப்சன் தன்கிட்ட இருந்த கருவிகளை ஐரோப்பாவுக்கு வெளில அனுப்பினாரு. கலிஃபோர்னியா, எகிப்து, நியூசிலாந்து, அப்புறம் நம்ம கோடைக்கானல்! அப்பல்லாம் முள்ளு கிடையாது, ஃபோட்டோ தகடு, எடுத்த தகடெல்லாம் ஆக்ஸ்ஃபோர்டுக்கு போயி அங்க அளப்பாங்க. மதுரைச் சீமை மலை மேலருந்து கப்பல்ல போன கண்ணாடித் தகடு சொன்ன சேதிதான் நான் முதல் நாள் எழுதினது, பூமத்திய ரேகைக்கிட்ட ஓசோன் கம்மி, வருஷம் பூரா அசையறதும் கம்மி. 1929 வாக்குலயே தெரிஞ்சாச்சு. பொங்கோல்வாசி அண்ணே, உங்க வாட்ஸ்ஆப் ஃபார்வர்டுக்கு பதில் தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே பழனி மலைத்தொடர்ல எழுதி வெச்சாச்சு.

நான் எட்டாவது படிக்கறப்ப ஸ்கூல் டூர்ல அங்க சூரிய ஆய்வுக்கூடம் போயிருக்கேன். ஒரு இருட்டு ரூம்ல வெள்ளைத் திரைல சூரியனை விழவெச்சு காட்டினாங்க, கரும்புள்ளி பாருங்கன்னாங்க, எனக்கு வெளில விக்கற பேரிக்காய் மேலதான் கண்ணு. இப்ப நினைச்சா வயிறு எரியுது.

ஸ்டிக்கர்காரன் · ஏப்ரல் 3, காலை 6:50

கொடைக்கானல். கோடைக்கானல் இல்ல. நாலு பேர் தனித்தனியா மெசேஜ் பண்ணிட்டீங்க. டாப்சனைப் பத்தி ஒருத்தர் கூட கேக்கல.

ஸ்டிக்கர்காரன் · ஏப்ரல் 9, இரவு 9:15

"இப்பதான் சேட்டிலைட் இருக்கே, தரைல பெட்டி எதுக்கு"ன்னு தம்பி ஒருத்தர். இந்தக் கேள்விக்கு எல்லாரும் சொல்ற கதையை சொல்ல வந்தேன்: 1985-ல அண்டார்டிக்கால ஹாலிங்கற ஆய்வு நிலையத்துல ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூணு பேரும் டாப்சன் கருவியை வெச்சு ஓட்டையை கண்டுபிடிச்சாங்க, நாசா சேட்டிலைட் மேல பறந்துக்கிட்டே இருந்தும் கம்ப்யூட்டர் கம்மியான எண்ணையெல்லாம் குப்பைல போட்டுடுச்சு.

அடிச்சு முடிச்சு போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி சரிபாத்தேன், பாதி தப்பு. குப்பைல போடல. 180-க்கு கீழ வந்ததுக்கு சந்தேகக் குறி போட்டு ஒதுக்கி வெச்சிருந்தாங்க, எண் பத்திரமா இருந்துச்சு, அவங்களும் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. ஹாலிக்காரங்க முந்திக்கிட்டாங்க. அவங்களுக்கும் முன்னாடி 1984-ல ஜப்பான்காரர் சுபாச்சி, அண்டார்டிக்காலயே ஷோவா நிலையத்துல எடுத்த குறைஞ்ச அளவை கிரீஸ்ல ஒரு கூட்டத்துல சொல்லியிருக்காரு, யாரும் பெருசா காதுல வாங்கல.

எனக்கு இதுல பிடிச்சது ஹாலில 1982 ஜனவரில கருவியை மாத்தினது. எண் இறங்கிக்கிட்டே போகுது, பழைய பெட்டி கெட்டுப்போச்சோன்னு சந்தேகம் வரத்தானே செய்யும். வேற பெட்டி வந்தும் அதே சரிவு. அதுக்கப்புறம் சந்தேகப்பட பெட்டி இல்ல, ஆகாசம்தான் மிச்சம். எங்க வேலைல இதை வேற மாஸ்டர், அதாவது ஒப்பிட்டுப் பாக்கற மூலக் கருவி, வெச்சு பாக்கறதும்போம். கஸ்டமர் சண்டைக்கு வந்தா முதல்ல அதைத்தான் செய்வோம்.

எழுதும்போதே உறைக்குது. என் சென்சாரை நான் வேற எதோடயும் வெச்சு பாத்ததே இல்ல.

ஸ்டிக்கர்காரன் · ஏப்ரல் 14, இரவு 11:20

புத்தாண்டு வாழ்த்து எல்லாருக்கும். எனக்கு நல்லா விடிஞ்சுது.

தெரிஞ்சவர் ஒருத்தர் பாலிடெக்னிக்ல லேப் பாக்கறாரு. அங்க மொட்டை மாடில நல்ல ரேடியோமீட்டர் ஒண்ணு இருக்கு, குவார்ட்ஸ் குமிழ் மூடி, உள்ள 25 டிகிரில சூடு நிலையா வெச்சது, தோல் சுடற வளைகோட்டுக்குன்னே செஞ்சது, சர்டிஃபிகேட்டோட. பர்மிட் வாங்கி ஹெல்மெட் போட்டு மேல ஏறி என் டப்பாவை பக்கத்துல வெச்சோம்.

அதுல 11. என்னுதுல 19.

பத்தொன்பது. வீட்ல 14-ன்னு பெருமை பேசின அதே டப்பா. அவரு ஒண்ணும் சொல்லல, பையிலருந்து வடை எடுத்து குடுத்தாரு.

வீட்டுக்கு வந்து உக்காந்து யோசிச்சதுல புரிஞ்சது. எங்க வீட்டு சென்சார் சமையலறை ஜன்னலுக்கு வெளில, துணி காயப்போடற மூங்கில் கம்பு நுனில கட்டியிருக்கு (கேபிள் டை நாலு, பாதுகாப்புக் கயிறு ரெண்டு, கீழ விழுந்தா கில்லர் லிட்டர் கேஸ், மாடிலருந்து ஆள் மேல பொருள் விழவிட்ட குத்தம், வீட்டம்மா முதல் நாளே எச்சரிச்சாச்சு). ஒன்பதாவது மாடி. ஒரு பக்கம் முழுக்க எங்க ப்ளாக் சுவரு, அதாவது பாதி ஆகாசம் கிடையாது. யூவில பாதிக்கிட்ட நேரா சூரியன்லருந்து வர்றதே இல்ல, நீல வானம் முழுக்க சிதறி வர்றது. பாதி வானத்தை மறைச்சா மொத்தத்துல கால் பங்கு போச்சு. ஆக நான் போட்டிருந்த பெருக்கல் எண் ரொம்ப மேல, சுவரு வந்து அதை கீழ இழுத்து 14-ன்னு நம்பற மாதிரி ஒரு எண்ணை குடுத்திருக்கு. ரெண்டு தப்பு ஒண்ணோட ஒண்ணு கைகோத்துக்கிட்டு ஒரு வருஷமா என்னை ஏமாத்தியிருக்கு. ரெண்டுல ஒண்ணு மட்டும் இருந்திருந்தா முதல் வாரமே புடிச்சிருப்பேன்.

அந்த பெருக்கல் எண் எங்கருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க. விக்கறவன் குடுத்த சாம்பிள் கோடுல இருந்துச்சு, அப்படியே விட்டுட்டேன். நானு. ட்ரேசபிலிட்டி, அதாவது எந்த மாஸ்டரோட ஒப்பிட்டதுங்கற ஆதாரம், இல்லாத கேஜை கஸ்டமர்கிட்டயே திருப்பி அனுப்பற ஆளு.

மார்ச் 21-ல எழுதினதை வாபஸ் வாங்கறேன். அவங்க சென்சார்ல ஒரு குறையும் இல்ல. அழிக்கல, இருக்கட்டும்.

ஸ்டிக்கர்காரன் · ஏப்ரல் 15, காலை 7:05

ஒண்ணு விட்டுப்போச்சு. அப்ப 11-ஐ 19-ஆல வகுத்து புது எண் போட்டுட்டா முடிஞ்சுதேன்னு நேத்தே மாடில செஞ்சு பாத்தோம். மத்தியானம் ரெண்டும் ஒட்டிப்போச்சு. சாயங்காலம் 5:45-க்கு அதுல 1, என்னுதுல 2.3.

காரணம் என் சில்லு எம்எல் 8511. அதுக்கு 365 நானோமீட்டர்கிட்டதான் கண்ணு கூர்மை, அது யூவி-ஏ, நீள அலை. தோலை சுடற வேலையை பெரும்பாலும் செய்யறது யூவி-பி, குட்டை அலை. சூரியன் சாய சாய வெளிச்சம் ஓசோனை குறுக்கா நீளமா கடந்து வருது, யூவி-பி சட்டுனு செத்துடும், யூவி-ஏ மெதுவாத்தான் குறையும். ஆக ஒரே எண்ணால பெருக்கினா உச்சில சரியா இருக்கறது சாயங்காலம் ரெட்டிப்பா காட்டும். சூரியன் உயரத்துக்கு ஏத்த மாதிரி ஒரு பட்டியலே வேணும்.

ஸ்டிக்கர்காரன் · ஏப்ரல் 20, மாலை 4:40

தானும் ஒண்ணு செய்யணும்னு கேட்டவங்களுக்கு, என் அடிவாங்கின கதை.

மழைக்கு மூடி போடறேன்னு ஹார்ட்வேர் கடைல பாலிகார்பனேட் தகடு வாங்கி போட்டேன். அன்னிக்கு உச்சி வெயில்ல இண்டெக்ஸ் 0.2. பாலிகார்பனேட்டு யூவியை விடவே விடாது, கண்ணாடி கடைக்காரருக்கு தெரிஞ்சது எனக்கு தெரியல. ஜன்னல் கண்ணாடிகூட யூவி-பிய நிறுத்திடும். குவார்ட்ஸ் வேணும், இல்லன்னா டெஃப்லான். நான் கடைசில பைப் மரைல சுத்தற வெள்ளை டேப்பை பல அடுக்கு இழுத்து ஒட்டினேன், வெளிச்சத்தை எல்லா பக்கத்துலருந்தும் சமமா சிதறவிடும், அது இல்லன்னா சாஞ்சு வர்ற வெளிச்சத்தை சில்லு கம்மியா எண்ணும். நாலு மாசத்துல டேப் பழுப்பாகி அளவு கீழ போயிடும், மாத்தணும். பெரிய கருவிக்கும் இந்த டிரிஃப்ட் உண்டு, அதுக்குத்தான் வருஷாவருஷம் கேலிப்ரேஷன்.

எஸ்ஐ 1145-ன்னு ஒரு சில்லு மலிவா கிடைக்கும், யூவி இண்டெக்ஸ்னே போட்டு விப்பாங்க. அதுக்குள்ள யூவியை பாக்கற கண்ணே கிடையாது! சாதாரண வெளிச்சத்தையும் அகச்சிவப்பையும் பாத்து இவ்வளவு இருக்கும்னு ஊகிச்சு சொல்லும். கிளி ஜோசியம். வீஇஎம்எல் 6075 பரவால்ல, ஆனா தயாரிப்பை நிறுத்திட்டாங்க.

இன்னொண்ணு, மேல் மாடில என்னிக்கு பெட்ஷீட் துவைக்கறாங்கன்னு பாத்துக்கோங்க. என் கிராஃபுல ஞாயித்துக்கிழமையானா 11-லருந்து 2 வரைக்கும் ஒரு பள்ளம். மூணு மாசம் அதை வார இறுதில வண்டிப் புகை மாறுதோ என்னமோன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்தேன்.

ஸ்டிக்கர்காரன் · மே 3, இரவு 10:30

லாங்லி முறை முயற்சி பண்ணேன். காலைலருந்து சூரியன் ஏற ஏற வெளிச்சத்தை அளந்துக்கிட்டே வந்து, அதோட லாகரிதத்தை காத்தடுக்கோட தடிமனுக்கு எதிரா வரைஞ்சா நேர்கோடு வரும், அதை பின்னால நீட்டினா காத்தே இல்லாத இடத்துல, அதாவது விண்வெளில, உன் கருவி என்ன காட்டும்னு தெரியும். மாஸ்டர் கேஜ் வேண்டாம், சூரியனே மாஸ்டர். டாப்சன் கருவிகளுக்கெல்லாம் தலைவன் 83-ஆம் நம்பர் பெட்டி, கொலராடோ போல்டர்ல இருக்கு, அதை ஹவாய்ல மௌனா லோவா மலைக்கு தூக்கிட்டு போயி இப்படித்தான் சரிபாப்பாங்க. 3,400 மீட்டர் உயரம், மேகம் காலுக்கு கீழ. 83-ஐ வெச்சு மத்த பெட்டிகளை, அதுங்களை வெச்சு ஊர் ஊரா இருக்கற பெட்டிகளை. எங்க ஆஃபீஸ் சுவத்துல மாட்டியிருக்கற ட்ரேசபிலிட்டி மரம் அச்சு அசல் இதேதான்.

நான் ஈஸ்ட் கோஸ்ட்ல மணல்ல உக்காந்து காலை எட்டுலருந்து பதினொண்ணு வரை எடுத்தேன். நேர்கோடா வந்துச்சு? மழைல நனைஞ்ச கோலம் மாதிரி வந்துச்சு. நம்ம ஊர்ல காலை ஒன்பதரைக்கெல்லாம் மேகம் கொத்துக்கொத்தா கிளம்பிடுது. சும்மாவா அவ்வளவு கஷ்டப்பட்டு எரிமலை மேல ஏத்தறாங்க.

குடைக்கு அடில உக்காந்தும் கழுத்து எரிஞ்சுது. நிழல்ல இருந்தாலும் அந்த சிதறின பாதி வந்துக்கிட்டுத்தான் இருக்கு, மணல் வேற பத்து பதினஞ்சு சதவீதம் திருப்பி விடும். நம்ம நிறத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ற ஆளுங்களுக்கு: தோல் தாங்கும், கண்ணுக்கு அந்த நிறம் இல்ல. எங்கப்பா அம்பது வருஷம் வயல்ல நின்னவரு, ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தாச்சு. புரைக்கு வயசும் காரணம், வெயிலும் ஒரு காரணம்.

ஸ்டிக்கர்காரன் · மே 19, இரவு 9:50

இங்க டாப்சன் இருந்துச்சான்னு கேள்வி. இருந்துச்சு, உலக டாப்சன் நிலையப் பட்டியல்ல சிங்கப்பூர் பேரும் உண்டு. பக்கத்துல மலேசியா செப்பாங்ல பலூன்ல ஓசோன் சென்சார் கட்டி விடறாங்க, 1998-லருந்து. அது எந்த உயரத்துல எவ்வளவுன்னு அடுக்கடுக்கா சொல்லும். சேட்டிலைட் எண்ணையும் இந்த மாதிரி தரை நிலையங்களோட ஒப்பிட்டுத்தான் சரிபாக்கறாங்க, ஏப்ரல்ல கேட்ட தம்பிக்கு இதுதான் நேர் பதில், நான்தான் கதைல விட்டுட்டேன்.

டாப்சனுக்கு அடுத்தது ப்ரூயர். டயல் திருப்ப ஆள் வேண்டாம், தானே சூரியனை பின்தொடர்ந்து 306-லருந்து 320 நானோமீட்டருக்குள்ள அஞ்சு இடத்துல அளக்கும், உள்ளயே பாதரச விளக்கு வெச்சு அப்பப்ப தன்னையே சோதிச்சுக்கும். இவங்களுக்கு தலைவர் டொராண்டோல மூணு பெட்டி. மூணு இருந்தா ஒண்ணு நழுவினா மத்த ரெண்டு காட்டிக்குடுத்துடும். ப்ரூயரோட இன்னொரு உபயோகம், கந்தக டை ஆக்சைடையும் தனியா பிரிச்சு சொல்லும். அதுவும் ஓசோன் விழுங்கற அதே அலைநீளத்துலதான் விழுங்குது, பிரிக்கலன்னா எரிமலை வெடிச்ச அன்னிக்கு ஓசோன் கூடிப்போச்சுன்னு டாப்சன் சொல்லும்.

முதல் நாள் சொன்னேனே, ஓசோனை துருவத்துக்கு வாரிக்கிட்டு போற காத்து, அதுக்கு ப்ரூயர் டாப்சன் சுழற்சின்னுதான் பேரு. ரெண்டு பேர் பேர்லயும் பெட்டியும் இருக்கு, காத்தும் இருக்கு.

ஸ்டிக்கர்காரன் · மே 20, காலை 7:30

"அங்கிள், உங்க பேர்ல என்ன இருக்கு"ன்னு கேட்ட தம்பிக்கு: ஸ்டிக்கர் இருக்கு லா.

ஸ்டிக்கர்காரன் · செப்டம்பர் 19, மதியம் 2:15

இழை தூங்கிடுச்சு, எழுப்பறேன். சூரியன் திரும்ப உச்சிக்கு வந்தாச்சு. மார்ச்ல 1:11, இன்னிக்கு 12:58. அதே கம்பி, அதே ஸ்பிரிட் லெவல், அதே அங்கிள். இந்த தடவை அவரே கூட வந்து நின்னு பாத்தாரு, நிழல் போனதும் கடிகாரத்தை பாத்து ஏதோ சொன்னாரு, எனக்கு புரியல, ரெண்டு பேரும் சிரிச்சோம்.

ஜூலைல திரும்ப அந்த பாலிடெக்னிக் மாடிக்கு போயி ரெண்டு நாள் எடுத்து பட்டியல் போட்டாச்சு. வீட்டு கம்புல இப்பவும் பாதி வானம்தான், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, அதனால இண்டெக்ஸ்னு சொல்றதை விட்டுட்டேன், "எங்க ஜன்னல் எண்"ணுதான் சொல்றேன். இன்னிக்கு ஒரு மணிக்கு எங்க ஜன்னல் எண் 8. ஆப்ல 11.

டப்பா மேல ஆஃபீஸ் ஸ்டிக்கர் ஒட்டினா மேனேஜர் கொன்னுடுவாரு. மக நோட்டுப் புத்தகத்துல ஒட்ற லேபிள் ஒண்ணை குடுத்தா, பூனைப் படம் போட்டது. பேரு: சென்சார். வகுப்பு: 9-வது மாடி. பாடம்-ங்கற இடத்துல அடுத்த சரிபார்ப்பு தேதி எழுதியிருக்கேன்.